பெருந்தொற்றில் ஆலயம் பூட்டியிருக்கும்போது ஈஸ்டரையும் ஊழியத்தையும் எப்படி நடத்துவது?

தொற்றுநோய் பரவி, ஆலயத்தில் கூட முடியாத நிலை வந்தால் ஈஸ்டரை எப்படி ஆசரிப்பது, விசுவாசமும் ஊழியமும் சோர்ந்துபோகாமல் எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போதகர் இல்லை. 2020, 2021 ஈஸ்டர் நாட்களில் எங்கள் சபையில் வீடுகளுக்குப் போன் பண்ணும் பொறுப்பில் இருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கேமராவைவிடச் சபையின் பெயர்ப் பட்டியல்தான் முக்கியம்.

நேரலை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2020 மார்ச் 27 அன்று போப் பிரான்சிஸ் மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் நின்று ஜெபித்ததை உலகமே பார்த்தது. ஏப்ரல் 12, ஈஸ்டர் அன்று, இங்கிலாந்து திருச்சபையின் அப்போதைய தலைமைப் பேராயர் (கேன்டர்பரி பேராயர்) ஜஸ்டின் வெல்பி தன் வீட்டுச் சமையலறையிலிருந்து நடத்திய ஆராதனை ஒலிபரப்பானது. இரண்டுமே மனதைத் தொட்டவைதான். ஆனால் நேரலையில் ஒரு குறை உண்டு. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரை காட்டும். மூன்றாவது வரிசையில் எப்போதும் தூணோரம் உட்காரும் பெரியவர் அதில் இருக்கிறாரா என்று காட்டாது. ஆலயத்தில் காலியான இடம் கண்ணில் படும், இங்கே படாது.

அந்த ஆண்டு யோவான் 20-ஆம் அதிகாரம் ஏகப்பட்ட பிரசங்கங்களில் வந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு பயத்தில் உட்கார்ந்திருந்த சீஷர்கள் நடுவே இயேசு வந்து நின்றார் என்ற பகுதி. சரி, பொருத்தமான பகுதிதான். எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் பெரிதாகப் பட்டது. அன்று சாயங்காலம் சீஷர்களில் ஒருவனான தோமா அங்கே இல்லை. மற்றவர்கள் அவனைத் தேடிப்போய்ச் சொன்னார்களோ, அவன் வந்தபோது சொன்னார்களோ தெரியாது. சொன்னார்கள் என்று மட்டும் இருக்கிறது. அவன் நம்பவில்லை. ஆனாலும் யாரும் அவனை ஒதுக்கவில்லை. எட்டு நாள் கழித்து அதே பூட்டிய வீட்டில் அவனும் கூட இருந்தான். பெருந்தொற்றுக் கால ஊழியத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. வராதவர் யார் என்று கவனிக்க வேண்டும், அவரிடம் சொல்ல வேண்டும், அவர் சந்தேகப்பட்டால் விவாதத்துக்கு இழுக்காமல் கூட வைத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் நாங்கள் செய்தது எளிது. சபைக் குடும்பங்களைப் பிரித்து, ஆளுக்குச் சில வீடுகள் என்று வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டுக்கு எப்போதும் ஒரே ஆள்தான் பேசுவார். முதல் வாரம் சம்பிரதாயமாக நலம் விசாரித்தவர்கள் மூன்றாவது வாரம்தான் வேலை போனதையும், வீட்டில் நடக்கும் சண்டையையும் சொன்னார்கள். ஆள் மாறியிருந்தால் அது வந்திருக்காது. "ஆராதனை பார்த்தீங்களா?" என்று ஆரம்பிக்கவே கூடாது. அது வருகைப் பதிவு எடுப்பது மாதிரி ஆகிவிடும். தூக்கம் வருகிறதா, மருந்து தீர்ந்துவிட்டதா, இதுதான் முதல் கேள்வி.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்காக ஈஸ்டர் காலையில் கான்ஃபரன்ஸ் கால் போட்டோம். ஒரு பாட்டி, "தம்பி, யோவான் இருபதை நீங்க வாசிங்க, மெதுவா வாசிங்க, கண்ணாடி இல்லாம நான் கூடவே சொல்லிப்பேன்" என்றார். மகதலேனா மரியாளை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிடும் இடம் வந்தபோது, நான் வாசிப்பதற்கு முன்பே அவர் "மரியாளே" என்று சொல்லிவிட்டார். அப்புறம் பாட்டு. கான்ஃபரன்ஸ் காலில் எல்லோரும் சேர்ந்து பாடுவது நடக்காத காரியம். ஒவ்வொரு குரலும் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். அதனால் ஒருவர் பாட, மற்றவர்கள் மியூட்டில் இருக்கச் சொன்னோம். பாட்டிக்கு மியூட் பண்ணத் தெரியாது. பாட்டில் அரை வரி பிந்தி அவர் குரல் கடைசி சரணம் வரை வந்துகொண்டே இருந்தது, யாரும் தடுக்கவில்லை.

வீட்டு ஆராதனைக்கு ஒரே ஒரு யோசனை: திரைக்கு முன் உட்கார்ந்தாலும், வேதபாடத்தை வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், முடிந்தால் பிள்ளைகள். நற்கருணையை இணையவழியில் நடத்தலாமா என்பதில் சபைக்குச் சபை நிலைப்பாடு வேறு. உங்கள் போதகர் சொல்வதைக் கேளுங்கள்.

"விசுவாசம் இருந்தால் நோய் வராது, கூடுவோம்" என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சிக்குக் கூடியது. வந்த 61 பேரில் 53 பேர் நோய்ப்பட்டார்கள், 2 பேர் இறந்தார்கள். பாட்டுதான் நம் ஆராதனையில் பாதி என்பதால் இதைச் சொல்கிறேன். 1527-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் எழுதியதும் இதே வழிதான்: நான் தேவைப்படாத இடத்துக்குப் போய் நோயைப் பரப்ப மாட்டேன், அயலானுக்கு நான் தேவைப்பட்டால் போகாமல் இருக்கவும் மாட்டேன். ஒதுங்குவதையும் உதவுவதையும் எதிரெதிராக வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இதைப் படிக்கலாம்.

சபைக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி: பயத்தைத் தூண்டிலாக்காதீர்கள். மூச்சுத் திணறுகிறவரிடம் "இது கடைசிக் காலத்தின் அடையாளம்" என்று சொல்வது சுவிசேஷம் ஆகாது. மருந்து வாங்கிக் கொடுங்கள், துக்க வீட்டுக்குப் போன் பண்ணுங்கள், ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் கொள்ளைநோய் பரவியபோது ஆயர் தியொனீசியஸ் எழுதிய ஈஸ்டர் கடிதத்தை யூசேபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் சேர்த்திருக்கிறார். துன்புறுத்தலில் துரத்தப்பட்டபோது வயல், பாலைவனம், கப்பல், சத்திரம், சிறை எல்லாமே தங்களுக்குப் பண்டிகை இடமானதாகத் தியொனீசியஸ் அந்தக் கடிதத்தில் சொல்கிறார். பிறகு நோய் வந்தபோது, நோயாளிகளைப் பராமரித்துத் தாங்களும் இறந்துபோன விசுவாசிகளைப் பற்றி எழுதுகிறார். ஆலயக் கட்டிடமே அரிதாக இருந்த காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, ஈஸ்டர் அன்றே எல்லாரிடமும் பேசி முடித்துவிட வேண்டும் என்று பதறாதீர்கள். ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை 50 நாள். முதல் வாரத்தில் தனியாக வாழ்பவர்களையும் அந்த ஆண்டு யாரையாவது இழந்த வீடுகளையும் கூப்பிடுங்கள், மற்றவர்களை அடுத்தடுத்த வாரங்களில் பார்த்துக்கொள்ளலாம்.