அப்பாவின் எச்.எம்.டி.யைப் பிரிக்கும் முன்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரங்களைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய உற்பத்தி அது. 2016-இல் மத்திய அரசு மூட முடிவெடுப்பதற்குள் கல்யாணப் பரிசாகவும் பணி ஓய்வுப் பரிசாகவும் எத்தனையோ வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதனால் பதில்களும் அதை வைத்தே. பழைய சுவிஸ் கடிகாரங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

அப்பாவின் ஜனதா பல வருடமாக பீரோவில் கிடந்தது. சாவி கொடுத்ததும் ஓடுகிறது. அப்படியே கட்டிக்கொள்ளலாமா சார்? (கும்பகோணம்)

ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், ஆனால் இப்போதைக்குக் கட்ட வேண்டாம். உள்ளே எண்ணெய் காய்ந்து தூசியோடு சேர்ந்து பசையாகியிருக்கும். இங்கும் அங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் அச்சு முனை தலைமுடி தடிமன்தான். அந்தப் பசையில் சுழலச் சுழல அது தேய்ந்துகொண்டே போகும். நின்றுபோன கடிகாரத்தில் புதிதாக எதுவும் தேயாது. எண்ணெய் இல்லாமல் ஓடுகிற கடிகாரத்தில்தான் தேய்மானம். முதலில் ஓவராயில் செய்துவிடுங்கள், அதாவது முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து புது எண்ணெய் விடுவது. அப்புறம் தாராளமாகக் கட்டலாம்.

முழுதாகச் சாவி கொடுத்தால் நின்றுவிடுகிறது. அதிகமாகச் சுற்றிவிட்டேனா? (சிவகாசி)

இல்லை. கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் முழுவதும் சுற்றியதும் சாவி தானாகவே இறுகும். அதுதான் முழுச் சாவி. அதற்கு மேல் முரட்டுத்தனமாகத் திருகினால்தான் ஏதாவது உடையும். முழுச் சாவியிலும் ஓடாவிட்டால் காரணம் அழுக்கு, காய்ந்த எண்ணெய், இல்லையென்றால் தேய்ந்த பாகம். தினமும் ஒரே நேரத்தில், காலையில் கட்டும்போது, இறுகும் வரை கொடுங்கள்.

அண்ணே, நானே பிரித்துச் சுத்தம் செய்து மாட்ட ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்க? (திருநெல்வேலி)

அப்பாவுடையதிலிருந்து வேண்டாம் தம்பி. பழைய கடிகாரக் கடையில், ஓடாது என்று ஒதுக்கிய அதே மெஷின் ஒன்றை வாங்கி அதில் பழகுங்கள். பிரித்து மாட்டி, அது ஓடுகிறவரை உங்கள் வீட்டுக் கடிகாரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஸ்க்ரூ டிரைவரின் முனை திருகின் பள்ளத்தில் முழு அகலத்துக்கும் உட்கார வேண்டும். சின்ன முனையைப் போட்டால் வழுக்கி, பாலத்தின் (சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடு) மேல் கோடு கிழித்துவிடும். அந்தக் கோடு போகவே போகாது. ஒவ்வொரு திருகு எடுக்கும் முன்னும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் கழற்றும் முன் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்க வேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சாவியை விரல் நுனிகளில் லேசாகப் பிடித்து, முன்பக்கம் அரைக்கால் சுற்று திருப்புங்கள். ஸ்பிரிங்கைச் சுற்றும் ராட்செட் சக்கரத்தின் பல்லைப் பிடித்திருக்கும் சின்னக் கொக்கி தளரும். அதை மரக்குச்சியால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சாவி விரலுக்குள் மெல்ல மெல்லப் பின்னோக்கி நழுவ விடுங்கள். சட்டென்று விட்டால் அத்தனை இறுக்கமும் ஒரே நொடியில் பற்களின் மேல் பாயும்.

சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் ஊறப்போடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. பேலன்ஸ் வீலுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே ஆடும் சின்னக் கவையான பேலட் ஃபோர்க்கை அதில் போடாதீர்கள். அதன் இரண்டு கற்களையும் பிடித்திருப்பது அரக்கு. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், கல் நகரும், அப்புறம் அதைத் திரும்ப அதே இடத்தில் உட்கார வைப்பது பெரிய வேலை. பேலட் ஃபோர்க்கைத் தட்டும், பேலன்ஸ் வீலின் ரோலர் கல்லுக்கும் இதே எச்சரிக்கை.

எண்ணெய் குறைவாகவே போதும். வேகமாகச் சுழலும் சக்கரங்களுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவான நடுச்சக்கரத்துக்குக் கெட்டியானது, மெயின் ஸ்பிரிங்குக்கு கிரீஸ். பேலட் ஃபோர்க்கின் அச்சு முனைகளுக்கு எண்ணெய் விடுவதில்லை. தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது ஓரிடத்தில் நிற்காமல் பரவிவிடும்.

இணையத்தில் ரோஸ், கிளிப்பச்சை டயல் போட்ட எச்.எம்.டி.கள் புத்தம் புதிதாகக் கிடைக்கின்றனவே. அசல்தானா? (கோவை)

பெரும்பாலும் மெஷின் மட்டும்தான் பழையது. டயல் மறுபடி பெயின்ட் அடித்து அச்சடித்தது. பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். தொழிற்சாலை அச்சில் ‘பாரா ஷாக்’ (அதிர்ச்சி தாங்கும் அமைப்பின் பெயர்) என்ற எழுத்துகளின் ஓரம் கூர்மையாக நிற்கும். மறு அச்சில் மை பிதுங்கி, எழுத்து தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக உட்காரா. முள் செருகும் நடுத்துளையின் ஓரத்தில் பெயின்ட் திரண்டிருக்கும்.

விரும்பி வாங்கினால் அது உங்கள் உரிமை. ஆனால் வீட்டிலிருக்கும் அசல் டயல் மஞ்சளித்துவிட்டது என்று அதைக் கொடுத்துப் புதுசாக அடித்து வாங்காதீர்கள். நான் இதில் பிடிவாதமாகவே இருக்கிறேன். புள்ளி விழுந்த அசல் டயலுக்கு ஈடாக எந்தப் புது டயலையும் வைக்க முடியாது. துணியால் துடைக்கக்கூட வேண்டாம், எழுத்து வந்துவிடும். காற்றுப் பம்ப்பால் ஊதித் தூசியை எடுத்தால் போதும்.

நாளுக்கு இருபது நிமிடம் முந்துகிறது. (வேலூர்)

முதல் சந்தேகம் காந்தம். ஸ்பீக்கர், மூடியில் காந்தம் வைத்த மொபைல் கவர் இவற்றின் அருகே வைத்திருப்பீர்கள். பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் அதன் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும். பேலன்ஸ் வீல் வேகமாக ஆடும். திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், முள் அசைந்தால் காந்தம் ஏறியிருக்கிறது. அதை இறக்கும் கருவி மலிவுதான். எதுவும் ஆகாவிட்டால் ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம். வேகத்தைத் திருத்தும் நெம்புகோலை இதற்காக நகர்த்தாதீர்கள், காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

கீழே விழுந்து பேலன்ஸ் அச்சு முறிந்துவிட்டது. அசல் பாகம் எங்கே தேட? (மதுரை)

‘ஜனதாவுக்கு வேண்டும்’ என்று மாடல் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். மெஷினில் ஒரு எண் பொறித்திருக்கும், உதாரணமாக 0231. அந்த எண்ணைச் சொல்லுங்கள். பழைய ரிப்பேர் கடைகளில் சின்னச் சின்னத் தகர டப்பாக்களில் இன்னும் சரக்கு இருக்கிறது. கிடைக்காவிட்டால் அதே எண்ணுள்ள, உடைந்த கேஸ் கொண்ட கடிகாரத்தை வாங்கி அதிலிருந்து எடுக்கலாம். எடுக்கும்போது பேலன்ஸ் வீலையும் ஹேர் ஸ்பிரிங்கையும் ஒன்றாகவே எடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்த்தவை. பொருந்தாத பாகத்தை அரத்தால் தேய்த்துப் பொருத்தித் தருகிறேன் என்பவரிடம் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள். மாதக்கணக்கில் ஆனாலும் காத்திருக்கலாம்.

கேஸை பாலிஷ் போடலாமா? பின்மூடியில் தாத்தா பெயர் வெட்டியிருக்கிறது. (நாகர்கோவில்)

பின்மூடியைத் தொட வேண்டாம். கேஸில் குரோம் முலாம் என்றால் அதையும் பாலிஷ் போடாதீர்கள், உள்ளிருக்கும் பித்தளை வெளியே வந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீர், மென்மையான பிரஷ் போதும். அதுவும் மெஷினை வெளியே எடுத்த பிறகு. கீறலான பிளாஸ்டிக் கண்ணாடியைப் பற்பசை தடவித் தேய்த்தாலே பாதி தெளியும். விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். கண்ணாடி மாற்றுவதில் எனக்குத் தயக்கமே இல்லை, உள்ளே இருப்பதைக் காப்பதற்குத்தானே அது.

1940-களின் சுவிஸ் கடிகாரம். முள்ளில் இருக்கும் ரேடியம் இருட்டில் மின்னவில்லை. சுரண்டிவிட்டுப் புதுசு தடவலாமா? (யாழ்ப்பாணம்)

சுரண்டாதீர்கள். மின்னாமல் போனது அதனோடு கலந்த துத்தநாக சல்பைடுதான். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். சுரண்டும்போது பறக்கும் தூள் மூச்சில் போனால் ஆபத்து. அந்தக் கடிகாரத்தை வீட்டில் திறக்கவே வேண்டாம், ரேடியம் டயலைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சரிசெய்த பிறகு எவ்வளவு துல்லியமாக ஓடினால் திருப்திப்படலாம்? (சேலம்)

இவை மணிக்கு 18,000 முறை துடிப்பவை, அதாவது நொடிக்கு ஐந்து. நாளுக்கு அரை நிமிடத்துக்குள் முந்தியோ பிந்தியோ ஓடினால் நல்ல வேலை. டைம்கிராஃபர் (துடிப்பைக் கேட்டு அளக்கும் கருவி) வைத்திருந்தால் டயலை மேல்நோக்கி வைத்து முழுச் சாவியில் பாருங்கள், பேலன்ஸ் வீலின் ஆட்டம் 270 டிகிரியைத் தொட்டால் மெஷின் ஆரோக்கியமாக இருக்கிறது. 200-க்குக் கீழே என்றால் திரும்பவும் பிரித்துப் பாருங்கள். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை ஓவராயில் செய்யுங்கள். மழையிலும் குளிக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.