ரத்தத்துல தோய்ச்ச அங்கி: வாசகர் கடிதமும் பதிலும்

அக்கா, ஸ்தோத்திரம்.

நானும் மனைவியும் பிரிஞ்சு மூணு வருஷம் ஆகுது. மகளுக்கு 14, மகனுக்கு 10, ரெண்டு பேரும் அம்மாகிட்டதான் இருக்காங்க. ஆரம்பத்துல நல்லாத்தான் பேசுனாங்க, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு இப்ப மக போனே எடுக்கறதில்ல. கடைசியா பார்த்தப்ப "நீங்க எங்கள பொருளாதார ரீதியா கைவிட்டுட்டீங்க"ன்னா. மாசாமாசம் பணம் போயிட்டுதான் இருக்கு அக்கா. பையன், "அப்பா ரட்சிக்கப்படாதவர், அவரோட நமக்கு ஐக்கியம் கூடாது"ங்கறான். பாஸ்டர்கிட்ட சொல்லி "உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு"ங்கற ஐந்தாம் கட்டளைய வச்சு பிள்ளைங்ககிட்ட பேசச் சொல்லலாமா? அவங்க அம்மா என்ன செஞ்சாங்கன்னு நானும் சொல்லிடவா? பிதாக்களோட இருதயத்த பிள்ளைங்ககிட்டயும் பிள்ளைங்களோட இருதயத்த பிதாக்கள்கிட்டயும் திருப்புவான்னு சொல்ற மல்கியா 4:6ஐ எனக்கான வாக்குத்தத்தமா பிடிச்சுக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

தம்பி,

உங்க கடிதத்த நாலஞ்சு தடவ படிச்சேன். "பொருளாதார ரீதியா"ன்னு 14 வயசுப் பொண்ணு தானா பேசமாட்டா, அது யாரோ பெரியவங்க வாய்ல இருந்து வந்த வார்த்தை, அது எனக்கும் புரியுது. ஆனா நான் கேக்கறது உங்க பக்கத்த மட்டும்தான், அத மனசுல வச்சுக்கிட்டே எழுதறேன்.

யோசேப்பு கதைய ஞாயிறு பள்ளியில வருஷக்கணக்கா சொல்லிக் கொடுத்திருக்கேன், ஆனா ஒரு விஷயம் ரொம்ப லேட்டாத்தான் கண்ணுல பட்டுச்சு. யோசேப்ப வித்துட்டு வந்த அண்ணன்மாருங்க அப்பா யாக்கோபுகிட்ட "யோசேப்பு செத்துட்டான்"னு சொல்லவே இல்ல. வெள்ளாட்டுக் கடாவ அடிச்சு, அங்கிய அதோட ரத்தத்துல தோய்ச்சு அனுப்பி, இது உம்ம மகனோட அங்கியா இல்லையா பாருமேன்னு கேட்டாங்க, அவ்வளவுதான். துஷ்டமிருகம் தின்னுடுச்சுன்னு முடிவு பண்ணது யாக்கோபு தானா. பிள்ளைங்க மனச திருப்பறதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்குது, யாரும் உக்காந்து பெரிய பொய் சொல்றதில்ல, பணம் வர்ற அன்னிக்கு ஒரு பெருமூச்சு, போன் அடிச்சா முகத்துல ஒரு மாற்றம், "உங்கப்பாகிட்டயே கேளு"ன்னு ஒரு வார்த்தை, மிச்சத்த பிள்ளை தானே கூட்டிக்கும். தானே கண்டுபிடிச்சதா நினைக்கறதால அத விட்டுக்கொடுக்கவும் மாட்டா. பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு ஒரு கட்டளை இருக்கே, அது வாயால சொல்ற பொய்க்கு மட்டும்னு நான் நினைக்கல.

அதே யாக்கோபு சின்ன வயசுல என்ன பண்ணான்? அம்மா பேச்சக் கேட்டு வெள்ளாட்டுக்குட்டித் தோல கையில சுத்திக்கிட்டு கண்ணு தெரியாத அப்பாவ ஏமாத்தி அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்த வாங்குனான். "சாபம் என்மேல வரட்டும், நீ நான் சொல்றத செய்"ன்னு சொன்னவ ரெபேக்கா. அப்புறம் அவன் ஊர விட்டே ஓட வேண்டியதாச்சு, திரும்ப அவள பார்த்தான்னு வேதத்துல எங்கயும் இல்ல. சாபத்த நான் வாங்கிக்கறேன்னு அம்மா சொன்னாலும், கடைசியில சுமந்தது என்னமோ பிள்ளைதான்.

உங்க பையன் சொன்னதுக்கு வர்றேன், எனக்கு ரொம்ப கோபம் வந்த இடம் இதுதான். அப்பா அம்மாவுக்கு செய்ய வேண்டியத "கொர்பான், இது தேவனுக்குக் காணிக்கை"ன்னு சொல்லி நிறுத்துனவங்கள இயேசு எப்படி கண்டிச்சார்னு மாற்கு 7ல இருக்கு. தேவன் பேரச் சொல்லி அப்பாவ வெட்டி விடறதும் எனக்கு அந்தக் கணக்குலதான் தெரியுது. அவிசுவாசியான கணவன்கூட விசுவாசியான மனைவியால பரிசுத்தமாக்கப்படறான்னு பவுல் எழுதறார் (1 கொரிந்தியர் 7:14), அப்படியிருக்க பத்து வயசுப் பையன் யார் ரட்சிக்கப்பட்டவங்கன்னு லிஸ்ட் போடணுமா என்ன.

இப்ப உங்க பக்கம். கொஞ்சம் கசக்கும். "பேரன்டல் ஏலியனேஷன்", அதாவது ஒரு பெற்றோர் பிள்ளைய இன்னொருத்தருக்கு எதிரா திருப்பி விடறதுங்கற பேச்ச நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க, 1985ல ரிச்சர்ட் கார்ட்னர்ங்கற அமெரிக்க மனநல டாக்டர் இத ஒரு சிண்ட்ரோம்னு எழுதினார். ஆனா 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற அமெரிக்க மனநோய் கையேட்டுல இது நோயா இடம்பெறல, 2023ல பெண்களுக்கு எதிரான வன்முறை பத்தின ஐநா சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் இந்த வாதத்த குடும்ப கோர்ட்டுகள்ல தடை பண்ணணும்னே கேட்டார். ஏன்னா, வீட்ல அடி வாங்குன அம்மாக்களும் பிள்ளைங்களும் உண்மையச் சொல்றப்ப, அத "மனச கெடுத்துட்டாங்க"ன்னு தள்ளிவிட இது வசதியாப் போச்சு. உங்கள அப்படிப்பட்ட ஆள்னு சொல்லல. ஆனா பிள்ளைங்க முன்னாடி நீங்க கத்துன ராத்திரி எதாவது இருந்துச்சா, வர்றேன்னு சொல்லிட்டு வராத நாள் இருந்துச்சா, அத யாரும் சொல்லிக் கொடுக்க வேணாம், அவளே பார்த்திருப்பா. இருந்தா முதல்ல அதுக்கு மன்னிப்பு கேளுங்க, "ஆனா உங்கம்மாவும்"னு ஒரு வால் இல்லாம.

அதனாலதான் பாஸ்டர வச்சு ஐந்தாம் கட்டளைய (கத்தோலிக்கர் கணக்குல நாலாவது) பேச வைக்க வேணாங்கறேன். எபேசியர் 6ல பிள்ளைங்களுக்கு சொன்னதும் அடுத்த மூச்சுல பிதாக்களுக்கு, பிள்ளைங்கள கோபப்படுத்தாதீங்கன்னு வருது. அதோட அந்தக் கட்டளையில தகப்பனோட தாயும் இருக்கா. அம்மா பக்கம் நிக்கறதுதான் அம்மாவ கனம்பண்றதுன்னு உங்க மக நினைக்கறா, நீங்க கட்டளைய தூக்கினா அவள நடுவுல வச்சு ரெண்டா இழுத்த மாதிரி ஆகும். பாஸ்டர பாக்கணும்னா பாருங்க, உங்களுக்காக பாருங்க.

அம்மா செஞ்சத சொல்லிடவான்னு கேட்டீங்க. வேணாம். அது நீங்க தோய்க்கற இன்னொரு அங்கி. உங்கள பத்தி நேரா வர்ற கேள்விக்கு மட்டும் உண்மைய சின்னதா சொல்லுங்க. "பணம் மாசாமாசம் அனுப்பறேன், உனக்கு அப்படி தோணினது எனக்கு கஷ்டமா இருக்கு, நீ எப்ப கேட்டாலும் காட்டறேன்." போதும்.

மல்கியா 4:6 எலியா தீர்க்கதரிசிய பத்தின வசனம், இத்தன வருஷத்துல உங்க மக போன் பண்ணுவான்னு அதுல தேதி தேடாதீங்க. ஆனா வரிசைய பாருங்க, முதல்ல பிதாக்களோட இருதயம்தான் பிள்ளைங்ககிட்ட திரும்புது. லூக்கா 1ல தூதன் அத யோவான்ஸ்நானனோட அப்பா சகரியாகிட்ட சொல்றப்ப அந்தப் பாதிய மட்டும்தான் சொல்றான்.

யோசேப்ப விக்கறப்ப அவனுக்கு 17, அப்பா திரும்ப கேள்விப்படறப்ப 39 இருக்கும், வேதத்துல இருக்கற வயச கூட்டிப் பார்த்தா 22 வருஷம். உயிரோட இருக்கற பிள்ளைக்கு அத்தன வருஷம் துக்கம். உங்க நெலமைக்கு இதவிட கிட்ட வர்ற ஆள் வேதத்துல எனக்கு தெரியல. உயிரோட இருக்கான்னு சேதி வந்தப்பவும் யாக்கோபு நம்பல, யோசேப்பு அனுப்புன வண்டிகள கண்ணால பார்த்தப்புறம்தான் உயிர் வந்துச்சு. உங்க மகளுக்கும் இப்ப பேச்சு எடுபடாது. வண்டி அனுப்புங்க. சொன்ன நேரத்துக்கு போன், எடுக்கலன்னாலும் குறை சொல்லாம ரெண்டு வரி மெசேஜ், பிறந்தநாளுக்கு லெட்டர், எல்லாத்துக்கும் ஒரு காப்பி எடுத்து தேதி போட்டு ஒரு பெட்டியில வைங்க, கோர்ட்டுக்கு இல்ல, என்னிக்காவது அவ "ஏன் ஒண்ணுமே அனுப்பல"ன்னு கேட்டா எடுத்துக் கொடுக்க.

பையனுக்கு எழுதறப்ப வசனம் எதுவும் போடாதீங்க. அவனுக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்னு கேட்டு எழுதுங்க.