எனக்கு இருப்பது கூச்ச சுபாவமா, ஆட்டிசமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பவை இவை: வயது 24. போன் அடித்தால் எடுக்கப் பயம். கல்யாண வீடு என்றால் இரண்டு நாள் முன்பே வயிறு கலங்குகிறது. ரீல்ஸில் ஆட்டிசம் பற்றிச் சொல்வதெல்லாம் உங்களைப் பார்த்தே சொல்வது போல இருக்கிறது. இணையத்தில் ஒரு சோதனை எழுதிப் பார்த்தீர்கள், மதிப்பெண்ணும் அதிகமாக வந்துவிட்டது.

நான் மருத்துவன் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு, அநேகமாக இதே மதிப்பெண்ணோடு, மதுரையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் முன்னால் போய் உட்கார்ந்தவன். எனக்கு ஆட்டிசம் இல்லை என்று தெரிந்தது. துணைக்கு வந்திருந்த என் தங்கைக்கு இருந்தது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சோதனை. நான் எழுதியது ஏ.க்யூ. என்கிற தாள், ஆட்டிசத் தன்மைகளை அளக்கும் 50 கேள்விகள் கொண்டது. 2001-இல் கேம்பிரிட்ஜில் உளவியலாளர் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் வெளியிட்டது. 32-ம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய அளவு என்பார்கள். எனக்கு 33. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பாதி பயம், பாதி நிம்மதி. இத்தனை வருடம் என்னை வாட்டியதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே என்கிற நிம்மதி.

சைக்காலஜிஸ்ட் மேடம் அந்தத் தாளை வாங்கிப் பிரித்துக் காட்டினார். அதில் பத்துப் பத்துக் கேள்வியாக ஐந்து பிரிவுகள் உண்டு. மனிதர்களோடு பழகுவது, பேச்சு ஆகிய இரண்டு பிரிவுகளில் எனக்கு 20-க்கு 19. மீதி மூன்றிலும் சேர்த்து 30-க்கு 14. "பார்ட்டிக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போகப் பிடிக்குமா என்று கேட்டால், கூச்சப்படுகிற யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஏன் பிடிக்கும் என்று இந்தத் தாள் கேட்காது. அதைக் கேட்கத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார்.

அந்த 'ஏன்' என்பதிலேயே அடுத்த ஒன்றரை மணி நேரம் போனது. கல்யாண வீட்டுக்குப் போனால் ஏன் களைப்பு? நான் சொன்னது: போவதற்கு முன்னால், அத்தை "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்ப்பேன். வந்த பிறகு, சொன்னதில் எது தப்பாகப் போயிருக்கும் என்று ராத்திரி முழுக்கக் கிளறுவேன். மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது மட்டும் நிம்மதியாக இருக்கும், ஏனென்றால் அப்போது யாரும் என்னிடம் பேச முடியாது. மேடம் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த தங்கை, யாரும் கேட்காமலேயே, "எனக்கு அந்தக் கெட்டிமேளம்தான் ஆகாது. தலைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கும். வந்து ஒரு நாள் இருட்டு ரூம்ல படுத்தாத்தான் சரியாகும். யார் என்ன நினைச்சாங்கன்னு எல்லாம் எனக்குத் தோணினதே இல்லை" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே மண்டபத்திலிருந்து, ஒரே மாதிரி முகம் வாடித்தான் வருவோம். வீட்டில் இரண்டையும் 'ஆள் சேராத குணம்' என்றே சொல்லிவந்தார்கள். என்னுடையது மனிதர்களின் தீர்ப்புக்குப் பயந்த களைப்பு. அவளுடையது சத்தம், வெளிச்சம், பூவும் சாப்பாடும் வியர்வையும் கலந்த வாசனை, ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசுவது, இத்தனையும் வடிகட்டாமல் உள்ளே வந்துவிட்ட களைப்பு.

அப்புறம் மேடம் அம்மாவை அழைத்துச் சின்ன வயசுக் கதைகளைக் கேட்டார். ஆட்டிசம் நடுவில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. பெரியவரானபின் கண்டுபிடித்தாலும் அதன் தடம் சின்ன வயசிலேயே இருக்க வேண்டும் என்பதால்தான் இந்த விசாரணை. அம்மா என்னைப் பற்றிச் சொன்னது: யாராவது வந்தால் சேலைத் தலைப்புக்குப் பின்னால் ஒளிவேன், பத்து நிமிடம் போனால் அவர்கள் மடியிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவேன். தெருவில் பிள்ளைகள் விளையாடினால் திண்ணையில் நின்று ஏக்கமாகப் பார்ப்பேன், யாராவது கைபிடித்து இழுத்தால் சேர்ந்துகொள்வேன். எட்டாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் நடுவில் மறந்துபோய் மேடையில் நின்றேன், கூடம் சிரித்தது. அதற்கப்புறம் கூச்சம் இறுகிவிட்டது.

சின்ன வயசிலிருந்தே இருந்தால் ஆட்டிசம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கூச்சத்திலும் பிறவிப் பங்கு உண்டு. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நான்கு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதுச் சத்தங்களையும் பொருட்களையும் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்து அழுதது. வளர்ந்தபின் கூச்சமும் தயக்கமும் அந்தக் குழந்தைகளிடம்தான் அதிகம் தெரிந்தன. அதனால் வயதை மட்டும் பார்த்தால் போதாது, அந்த வயதில் எப்படி இருந்தீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் கேள்விகள் தொடர்ந்தன. சொன்னதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வானா? புதுத் துணி, சட்டைப் பட்டி, குக்கர் விசில் இதற்கெல்லாம் கத்துவானா? ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுவானா? ஒவ்வொன்றுக்கும் அம்மா, "இவன் இல்லைங்க, அது இவ" என்று தங்கையைக் காட்டினார். நான்காவது தடவை சொல்லும்போது அம்மாவுக்கே குரல் மாறிவிட்டது.

எங்கள் வீட்டில் யாரும் தங்கையைக் கூச்ச சுபாவம் என்று சொன்னதில்லை. வாயாடி என்றுதான் பெயர். விருந்தாளியாக வந்த மாமா "போயிட்டு வரேன்" என்று கிளம்பியதால், அவர் திரும்பி வருவார் என்று சாயங்காலம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வயசுப் பிள்ளை செய்தால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போகலாம். அவளுக்கு அப்போது பதினொன்று. பக்கத்து வீட்டு அக்கா "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று பேச்சுக்குச் சொன்னதை நம்பி, அந்த ஞாயிறே காலை ஏழு மணிக்குப் போய் நின்றாள், அதுவும் இருபது வயதில்.

அவள் பிடித்துக்கொண்ட விஷயம் சிக்குக் கோலம். எத்தனை புள்ளி வைத்தால் ஒரே கோட்டில் முடியும், எங்கே இரண்டாகப் பிரியும் என்று நோட்டு நோட்டாகப் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போச்சு, ஒரு மணி நேரம். பொண்ணு கோலம் போடுகிறாள் என்று ஊரே பாராட்டியது. ஒரு பையன் இதே வெறியோடு பஸ் நம்பர்களை எழுதி வைத்திருந்தால் யாராவது டாக்டரிடம் காட்டச் சொல்லியிருப்பார்கள். பெண்களிடம் இது கண்ணில் படாமல் போவதற்கு இது ஒரு காரணம் என்று மேடம் சொன்னார். இன்னொரு காரணம், அவர்கள் பார்த்துப் பார்த்து நடிக்கக் கற்றுக்கொள்வது. தங்கையிடம் ஒரு பட்டியலே இருந்தது: வந்தவரிடம் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும், பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டும், மூன்று எண்ணும்வரை புருவத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு இது அன்றுதான் தெரியும். 27 வருடம் ஒரே வீட்டில் வளர்ந்தவன்.

கண்ணைப் பார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ரீல்ஸில் அதையே முதல் அறிகுறியாகப் போடுகிறார்கள். பெரியவர்கள் முன்னால் தலை குனிவது மரியாதை என்று வளர்த்த ஊரில் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான் கண்ணைப் பார்க்காததற்குக் காரணம், எதிராளி என்னை எடை போடுகிறாரோ என்ற பயம். தங்கை சொன்னது: "முகத்தைப் பார்த்தா காது வேலை செய்யாது. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்."

உங்களுக்கு நீங்களே கேட்டுப் பார்க்க இதிலிருந்து சில கேள்விகள் கிடைக்கும். மிக நெருங்கியவர்களிடம் இந்தச் சிரமம் கரைகிறதா? மாமா பையன்களோடு மொட்டைமாடியில் உட்கார்ந்தால் ராத்திரி இரண்டு மணி வரை என் வாய் மூடாது. அவர்களில் யார் கோபமாக இருக்கிறான், யார் கிண்டலுக்குச் சொல்கிறான் என்று சொல்லாமலே புரியும். தங்கைக்கு எங்களோடும் அதே சிரமம்தான், பயம் மட்டும்தான் இல்லை. என்ன பேசுவதென்று தெரிந்தும் தொண்டையில் நிற்கிறதா, அல்லது பேசிவிட்ட பிறகு எதிரில் இருப்பவர் முகம் ஏன் மாறியது என்றே தெரியவில்லையா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, மனிதர்களே இல்லாத நேரத்தில் நீங்கள் எப்படி? வீட்டில் தனியாக இருக்கும்போது, திட்டமிட்டது திடீரென்று மாறினால், வழக்கமான டம்ளர் இல்லையென்றால், டியூப்லைட் இரைந்தால் என்ன ஆகிறது? கூச்சம் கேட்கவும் பார்க்கவும் ஆள் வேண்டிய விஷயம். கதவைச் சாத்திய பிறகும் மிஞ்சுவது மனிதர்களைப் பற்றிய நினைப்பு மட்டும்தான்.

மருத்துவர்கள் பார்ப்பதும் இதைத்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, 2013-இல் வந்த பதிப்பு, ஆட்டிசத்துக்கு இரண்டு பாதிகளைக் கேட்கிறது. ஒன்று மனிதர்களோடு பழகும் முறை, அதில் மூன்று அம்சங்களிலும் சிரமம் இருக்க வேண்டும். மற்றது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவோ பேச்சோ, மாற்றத்தைத் தாங்காத பிடிவாதம், அளவுக்கு மீறிய ஆர்வம், புலன்கள் மிகையாகவோ மந்தமாகவோ இருப்பது என்ற நான்கில் குறைந்தது இரண்டு. அன்றாட வாழ்க்கையை அது பாதிக்கவும் வேண்டும். உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்துப் பாருங்கள், முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது பாதி உங்களிடம் இல்லையா, எழுதத் தோன்றவில்லையா என்று எனக்குத் தெரியாது. எழுதத் தோன்றாமலும் இருக்கலாம், எல்லோருக்கும் குக்கர் விசில் வலிக்கும் என்றுதான் தங்கை அன்றுவரை நினைத்திருந்தாள்.

இரண்டும் சேர்ந்தும் வரும், இதுதான் குழப்புகிற இடம். சின்ன வயசிலிருந்து "உனக்கு எப்படிப் பேசுறதுன்னே தெரியலை" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஆட்டிசக்காரருக்குப் பிற்பாடு மனிதர்களைக் கண்டாலே பயம் வந்துவிடும். வெளியே தெரிவது அந்தப் பயம் மட்டும்தான். அதனால் 'எனக்குப் பயம் இருக்கிறது, ஆகவே வெறும் கூச்சம்' என்று நீங்களாகவே கேஸை மூடிவிடாதீர்கள்.

பெயர் என்னவாக இருந்தால் என்ன என்று என் அப்பா கேட்டார். எனக்கும் தங்கைக்கும் சொன்ன வழிகளைப் பார்த்தால் பதில் தெரியும். என்னுடையதற்குப் பெயர் சமூகப் பதற்றம், கூச்சத்துக்கு நெருக்கமானது, ஆனால் அதைவிடத் தீவிரமானது. எனக்குச் சொன்னது: விலகாதே, கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள். முதல் வாரம் கண்டக்டரிடம் சில்லறை கேட்பது, அடுத்து கடைக்குப் போன் போட்டு விலை கேட்பது, இப்படிப் படிப்படியாக. ஐந்தாறு மாதத்தில் நல்ல மாற்றம். தங்கைக்கு இதே வைத்தியத்தைச் செய்தால் கெட்டிமேளம் பழகிப்போகாது, அவள்தான் இன்னும் நொறுங்குவாள். அவளுக்குச் சொன்னது கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம்: காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள், முகூர்த்தம் முடிந்ததும் கிளம்பு, ஆபீஸில் வேலையை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுதித் தரச் சொல். அவளுடைய மதிப்பீடு தனியாக நடந்தது, மூன்று தடவை போக வேண்டியிருந்தது.

எங்கே போவது என்றால், மனநல மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்கிற தேசிய மனநல மருத்துவமனையும் உண்டு. போவதற்கு முன் "பெரியவர்களுக்கு ஆட்டிசம் பார்ப்பீர்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் முதலில் போன இடத்தில், குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். சின்ன வயசில் உங்களைப் பார்த்துக்கொண்ட யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழி தெரியவில்லையென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

போன் என்றாலே பயம் என்று எழுதியவரிடம் போன் நம்பர் கொடுக்கிறேன், தெரிகிறது. எனக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியதும் அம்மாதான், நான் பக்கத்தில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தேன்.