எலும்பு ஸ்கேனுக்குப் (bone scan) பிறகு அப்பா தனியாக இருக்க வேண்டுமா?

வீட்டில் மனைவி ஆறு மாதக் கர்ப்பம், அதனால் நாளை ஸ்கேன் முடிந்ததும் அப்பாவை ஒரு வாரம் தம்பி வீட்டில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அவர் உங்கள் வீட்டுக்கே வரட்டும். நீங்கள் படித்த தனிமைப்படுத்தல் தைராய்டு சிகிச்சைக்கான கதிரியக்க மருந்தான அயோடின்-131 பற்றியது. அதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 8 நாள், அதில் அவ்வளவு கட்டுப்பாடு இருக்க அதுவும் ஒரு காரணம்.

அப்பாவுக்கு ஸ்கேனுக்காக ஊசியில் போடப்போவது டெக்னீஷியம்-99எம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள். அரை ஆயுள் வெறும் 6 மணி நேரம். ஒரு நாளில் நான்கு முறை பாதியாகி, பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். எலும்பில் ஒட்டாதது சிறுநீரில் போய்விடுவதால் உடலில் இருப்பது அதையும்விடக் குறைவு. இவ்வளவு சீக்கிரம் அழிவதை இருப்பு வைக்க முடியாது. அதனால் 66 மணி நேர அரை ஆயுள் உள்ள மாலிப்டினம்-99 (இது சிதைந்துதான் டெக்னீஷியம் உண்டாகிறது) அடைத்த, ஜெனரேட்டர் எனப்படும் கலனை வாங்கி வைத்து, தினமும் பால் கறப்பதுபோல் அதிலிருந்து டெக்னீஷியத்தை எடுக்கிறார்கள். எனக்கு இன்றும் வியப்பான ஏற்பாடு இது.

சரி, செய்ய வேண்டியது: ஊசி போட்டபின் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டு). கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். ஒரு நாள் மட்டும் உங்கள் மனைவி அவர் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார வேண்டாம். அப்புறம் முக்கியமாக, ஸ்கேனுக்குத் துணையாக மனைவியை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள். காத்திருக்கும் அறையில் ஊசி போட்ட வேறு நோயாளிகளும் இருப்பார்கள். வீட்டில் கர்ப்பிணி இருப்பதை ஊசி போடும் முன்பே அங்குள்ளவர்களிடம் சொல்லிவிடுங்கள்.