கசிந்த ரகசியக் கோப்பு கைக்கு வந்தால்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மூத்த செய்தி ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: ஐயா, அரசு ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திய கோப்பை வெளியிடுவது திருட்டுப் பொருளை விற்பதற்குச் சமம் அல்லவா?

பதில்: அல்ல. அரசுக் கோப்புக்கு உரியவர்கள் மக்கள். அதிகாரிகள் அதன் காவலர்கள் மட்டுமே. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 7,000 பக்கங்கள். வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்க அரசு வெளியில் சொன்னது ஒன்று, உள்ளுக்குள் அறிந்திருந்தது வேறொன்று என்பதை அவை காட்டின. படைவீரர்கள் செத்துக்கொண்டிருந்தபோது அந்த முத்திரை யாரைக் காப்பாற்றியது? 1971 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில், நாளிதழ்கள் அவற்றை வெளியிடுவதை அரசு தடுக்க முடியாது என்றது. வெளியிட்ட பின் வழக்குத் தொடுக்கும் வழியை அத்தீர்ப்பு அடைத்துவிடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் கிடைத்ததையெல்லாம் வெளியிட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. கசிந்த ஆவணங்களை வெளியிடும் இணையத்தளமான விக்கிலீக்ஸிடம் அமெரிக்கத் தூதரகங்களின் சுமார் இரண்டரை லட்சம் தகவல்கள் இருந்தன. 2010இல் நாளிதழ்கள் அவற்றைப் படித்து, ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்களின் பெயர்களை மறைத்துச் செய்தி வெளியிட்டன. 2011 செப்டம்பரில் விக்கிலீக்ஸ் மறைப்பின்றி முழுவதையும் கொட்டியது. நம்பிக்கை வைத்துத் தூதரகத்திடம் பேசியவரின் பெயரும் அதில் வெளிவந்துவிட்டது. அவர் என்ன குற்றம் செய்தார்? கூட்டாளிகளாக இருந்த நாளிதழ்களே அதைக் கண்டித்தன. பென்டகன் ஆவணங்களை நகலெடுத்த டேனியல் எல்ஸ்பெர்க்கூட, அமைதிப் பேச்சுவார்த்தை பற்றிய நான்கு தொகுதிகளை நாளிதழ்களுக்குக் கொடுக்கவில்லை.

கேள்வி: எது ஆபத்து என்று பத்திரிகையாளருக்கு எப்படித் தெரியும்?

பதில்: தனியாகத் தெரியாது. அதனால் அரசிடமே கேட்க வேண்டும். கேட்பது அனுமதிக்காக அல்ல. ‘இந்த வரி இன்னாரைக் காட்டிக்கொடுக்கும்’ என்றால் நீக்குவேன். ‘தேசப் பாதுகாப்பு’ என்று மொட்டையாகச் சொன்னால் நீக்கமாட்டேன்.

கேள்வி: பணம் கொடுத்து வாங்கலாமா?

பதில்: கூடாது. விலை வைத்தால் போலிக் கோப்புகளும் வந்து சேரும்.

கேள்வி: கோப்பைக் கொடுத்தவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?

பதில்: தண்டனை அனுபவிப்பவர் அவர்தானே! 2017இல் ஒரு செய்தித் தளம், உண்மைதானா என்று சரிபார்க்க, தனக்கு வந்த ஆவணத்தின் நகலை அமெரிக்க அரசிடம் காட்டியது. அதில் மடிப்புத் தடம் தெரிந்தது. காகிதத்தில் அச்செடுத்து வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள் என்று புலனாய்வாளர்கள் ஊகித்தார்கள். அச்செடுத்தவர்கள் ஆறே பேர். அவர்களில் ஒருவர்தான் ஆவணத்தை அனுப்பிய ரியாலிட்டி வின்னர் என்ற பெண். செய்தி வெளிவரும் முன்பே அவர் கைதானார். ஐந்து ஆண்டு மூன்று மாதச் சிறை. ஒரு மடிப்புத் தடம்! அதனால்தான் இளையவர்களிடம் சொல்கிறேன்: வந்த தாளை யாரிடமும் காட்டாதீர்கள். சரிபார்க்க வேண்டியதை உங்கள் சொற்களில் எழுதிக் கேளுங்கள்.