சென்சார் புதுசு, கோளாறு பழசு

கேள்வி: ஐயா, என் பெட்ரோல் கார் காலையில் சாவியைத் திருப்பியதுமே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் திணறுகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது. மைலேஜும் இறங்கிவிட்டது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் என்ஜின் சூடு 60 டிகிரியைத் தாண்டுவதில்லை. தெர்மோஸ்டாட்டை மாற்றியாயிற்று, டெம்பரேச்சர் சென்சாரை இரண்டு முறை மாற்றியாயிற்று. மூன்றாவது சென்சார் வாங்கச் சொல்கிறார் மெக்கானிக். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு புது சென்சார்களும் ஒரே பொய்யைச் சொல்கின்றன என்றால், பொய் சென்சாரில் இல்லை.

முதலில் என்ஜின் உண்மையில் எவ்வளவு சூடு என்று பாருங்கள். தொடாமல் வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி போதும். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் என்ஜின் ஆறியிருக்கும்போதே சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, சூடானதும் அதன் மேல் அளந்து பாருங்கள். அங்கே 85, 90 என்று வந்து, ஸ்கேனர் மட்டும் 60 காட்டினால் தப்பு ஒயரிலோ கனெக்டரிலோதான் இருக்க வேண்டும்.

காலையில் மட்டும் எப்படிச் சரியாக ஓடுகிறது? கோளாறின் அடையாளமே அதுதான். இந்த சென்சார் ஒரு தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 60 டிகிரியில் சுமார் 600, 90 டிகிரியில் 240 அளவுக்கு இறங்கிவிடும். கனெக்டர் பின்னில், அதாவது அதனுள் இருக்கும் உலோக முனையில், பச்சை பூத்து 350 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த என்ஜினில் 2,500 என்பது 2,850 ஆகும். இசியு, அதாவது என்ஜின் கணினி, மூன்று டிகிரி ஏமாறும், யாருக்கும் தெரியாது. சூடான என்ஜினிலோ 240 என்பது 590 ஆகிவிடும். இசியு 60 டிகிரிதான், என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோலை ஊற்றும். உங்கள் வாடைக்கும் திணறலுக்கும் காரணம் இதுதான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வண்டிக்கு இரண்டு சென்சார் போட்டு, மூன்றாவதையும் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் கனெக்டருக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பின் மட்டும் கால் அங்குலம் உள்ளே தள்ளப்பட்டு, பட்டும் படாமலும் நின்றது. அன்றிலிருந்து என் டூல் பாக்ஸில் ஒரு மாத்திரை டப்பா உண்டு. அதில் சூடான சென்சாருக்கு ஈடாக ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், குளிர்ந்த சென்சாருக்கு ஈடாக ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், அவ்வளவுதான்.

சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டரை வைத்துப் பார்க்கும் இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு பின்களுக்கும் நடுவே 220 ஓம் ரெசிஸ்டரை வைத்துவிட்டு ஸ்கேனரைப் பாருங்கள். மேலே சொன்ன வகை சென்சார் என்றால் 90-ஐ ஒட்டி வர வேண்டும். உங்கள் வண்டியின் சென்சாருக்கு ஓம் அட்டவணை வேறாக இருந்தால் அதன்படி ரெசிஸ்டரை மாற்றிக்கொள்ளுங்கள். 60 வந்தால் ஒயரிங்கில் தடை இருக்கிறது. 90 வந்தும் சென்சாரை மாட்டினால் மட்டும் 60 என்றால், பின்னின் பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது சென்சாரின் முனை அழுக்கு.

எந்த ஒயர் என்று பிரிக்க மல்டிமீட்டர் வேண்டும். கனெக்டரை மாட்டியபடியே, என்ஜின் சூடாக இருக்கும்போது, கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் சென்சாரின் எர்த் ஒயரைப் பின்னாலிருந்து தொடுங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கம் தடை. அது சுத்தமாக இருந்தால், மற்ற ஒயரான சிக்னல் ஒயரின் வோல்ட்டை சென்சார் முனையிலும் இசியு முனையிலும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டெஸ்ட் லாம்பை இந்த ஒயர்களில் வைக்கவே வைக்காதீர்கள்.

பச்சை பூத்த பின்னை அரத்தால் தேய்ப்பவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் திரும்ப வரும். ஒயர்த் துண்டோடு வரும் புது கனெக்டரை வாங்கி, சால்டர் செய்து, சுருங்கும் ட்யூப் போட்டு மூடுங்கள். பழைய சென்சாரின் சீல் வழியாகக் கூலன்ட் கசிந்து ஒயருக்குள் ஏறியிருந்தால், செம்பு கறுத்திருக்கும். கறுப்பு தீரும் வரை வெட்டியெறிய வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இசியு 60 டிகிரி என்று நம்பினால் ரேடியேட்டர் ஃபேனை ஓடவிடாது. சரிசெய்யும் வரை நெரிசலில் நிறுத்திவைத்து ஓட்ட வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் ஏசியைப் போட்டால் ஃபேன் ஓடும், அவசரத்துக்கு அது உதவும்.

கேள்வி: ஸ்கேனரில் பி0118 என்ற கோளாறு எண் வந்தது, 'உயர் உள்ளீடு' என்று விளக்கம் போட்டிருந்தது. என்ஜின் அதிகம் சூடாகிவிட்டதா? சென்சாரைக் கழற்றினால் மைனஸ் 40 காட்டுகிறதே, இசியு போய்விட்டதா?

பதில்: இரண்டுமே இல்லை. உயர்ந்தது வோல்ட், சூடு அல்ல. இசியு ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சுற்று அறுந்தால் வோல்ட் அப்படியே நிற்கும், இசியு அதைக் கடுங்குளிர் என்று கணக்கிட்டு மைனஸ் 40 காட்டுகிறது. நேரெதிர் பி0117, அது ஷார்ட். கழற்றிய கனெக்டரின் இரண்டு பின்களையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துப் பாருங்கள். மைனஸ் 40 மறைந்து 130, 140 என்று எகிறினால் உங்கள் ஒயரும் இசியுவும் நல்லவை, அப்போது தாராளமாக சென்சார் வாங்கலாம். எகிறவில்லை என்றால் சிக்னல் பின்னை மட்டும் என்ஜின் பாடியில் தொடுங்கள். இப்போது எகிறினால் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது.

கேள்வி: டேஷ்போர்டு முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. அதை நம்பி விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பல வண்டிகளில் 80-க்கும் 105-க்கும் நடுவே சூடு ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடி வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். சில பழைய வண்டிகளில் முள்ளுக்குத் தனி சென்சார், இசியுவுக்குத் தனி சென்சார். முள் சொல்வது இசியுவுக்குத் தெரியவே தெரியாது. ஸ்கேனரில் வரும் எண்ணைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, என்ஜின் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.