அந்த ஆட்டைச் சுட்டது யார்? – சினிமா கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, 'கனவின் போக்கில் படம் எடுத்த சர்ரியலிசப் படக்காரர்களைப் படிக்க வேண்டுமென்றால் அவர்கள் எடுத்த ஆவணப்படங்களையும் சேர்த்துப் பாருங்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஸ்காம் இறுதியாண்டு மாணவி, கோயம்புத்தூர்: சர்ரியலிச இயக்குநர்களின் பாணி பற்றி ப்ராஜெக்ட் எழுதுகிறேன். ஆவணப்படத்தையும் அதில் சேர்க்கலாமா என்று கைடிடம் கேட்டதற்கு, 'ஒன்று கனவு, இன்னொன்று நிஜம், ரெண்டையும் ஏம்மா குழப்புற' என்றார். என்ன பதில் சொல்வது?

ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவலைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள். 1929-ல் ஓவியர் சால்வடார் டாலியோடு சேர்ந்து 'அன் ஷியன் ஆந்தலூ', 1930-ல் 'லாஜ் தோர்', 1933-ல் 'லாஸ் உர்தெஸ்'. முதல் இரண்டும் சர்ரியலிச சினிமாவின் பாலபாடம். மூன்றாவது ஸ்பெயினின் எஸ்த்ரமதுரா பகுதியில், வறுமையும் நோயும் பிடித்து ஆட்டிய மலைக்கிராமங்களைப் பற்றிய ஆவணப்படம், அரை மணி நேரம்கூட வராது. நடுவில் மனிதர் திருந்திக் கனவை விட்டுவிட்டு நிஜத்துக்கு வந்துவிட்டார் என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். 'லாஜ் தோர்' எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள், தேள்களைப் பற்றிய ஓர் அறிவியல் ஆவணப்படமாகத்தான் தொடங்குகிறது. இத்தனை கணு, இங்கே விஷம், இப்படிக் கொட்டும் என்று பள்ளிக்கூடப் பாடம்போல. மாட்ரிட்டில் மாணவனாக இருந்தபோது பூச்சியியல் படித்தவர் புனுவல். பூச்சியைப் பார்க்கிற அதே கண்ணால்தான் கடைசிவரை மனிதர்களையும் பார்த்தார்.

இப்போது 'அன் ஷியன் ஆந்தலூ'வுக்கு வாருங்கள். சவரக்கத்தி கண்ணைக் கீறும் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். (அது கன்றுக்குட்டியின் கண். கத்தியைத் தீட்டுகிறவர் புனுவலேதான்.) அதை விட்டுவிட்டு, ஒருவன் இரண்டு பியானோக்களையும் அவற்றின் மேல் செத்துக் கிடக்கும் கழுதைகளையும் இரண்டு பாதிரிகளையும் கயிற்றில் கட்டி இழுத்து வரும் இடத்தைப் பாருங்கள். அறை சாதாரண அறை, கேமராவும் மனிதர் பார்க்கிற உயரத்திலேயே நிற்கிறது, வெளிச்சத்தில் எந்த வித்தையும் இல்லை. வீடு மாற்றுகிறவர்கள் பீரோவை நகர்த்துவதைப் படமெடுப்பதுபோல எடுத்திருக்கிறார். நடுவில் 'எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு', 'பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு' என்று எழுத்து அட்டை வேறு வருகிறது, அதற்கும் நடக்கிறதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அட்டை போட்டால் நாம் நம்புகிறோம். இந்த நம்பிக்கையை எங்கிருந்து கடன் வாங்கினார்? செய்திப் படத்திலிருந்தும் கதைப் படத்திலிருந்தும்தான்.

இன்னொரு உதாரணமும் தருகிறேன், இதை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். 1959-ல் வந்த 'நசரின்' படப்பிடிப்பு. ஒளிப்பதிவாளர் கேப்ரியேல் ஃபிகேரோவா, மெக்சிகோவின் மேகங்களை அழகாகப் பிடிப்பதில் பேர்போனவர், பின்னணியில் போபோகட்டேபெட்ல் எரிமலையும் வெள்ளை மேகமும் வருகிற மாதிரி அருமையாக ஃப்ரேம் வைத்துக் காத்திருக்கிறார். புனுவல் வந்து கேமராவை அப்படியே திருப்பி, எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு வெளியைக் காட்டும்படி வைத்துவிட்டார். உங்கள் ப்ராஜெக்டின் மையம் இங்கே இருக்கிறது என்பது என் கட்சி. நடப்பது எவ்வளவு விசித்திரமோ, காட்டுவது அவ்வளவு சாதாரணம். இது ஆவணப்படக்காரனின் கை. கைடு அப்போதும் ஒப்புக்கொள்ளாவிட்டால், மார்க் அவர் கையில் என்பதையும் மறக்காதீர்கள்.

வாசகர், சேலம்: நம் படங்களில் கனவுக் காட்சி என்றாலே தரையெல்லாம் வெள்ளைப் புகை போடுகிறார்களே, அது சர்ரியலிசமா?

அது புகை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை: 'லாஸ் உர்தெஸ்' பார்த்தேன். 'இங்கே ஆடு தவறி விழுந்து செத்தால்தான் ஆட்டிறைச்சி' என்று குரல் சொல்கிறது, உடனே ஓர் ஆடு பாறையிலிருந்து விழுகிறது. நிறுத்திப் பார்த்தால் திரையின் வலது ஓரத்தில் துப்பாக்கிப் புகை! சுட்டுத் தள்ளிவிட்டுத் தவறி விழுந்தது என்கிறார்கள். இதற்குப் பெயர் ஆவணப்படமா, மோசடியா?

நிறுத்திப் பார்த்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு சபாஷ். இன்னொன்றையும் கவனியுங்கள் சார். ஆடு முதலில் தூரத்திலிருந்து விழுவது தெரிகிறது. அடுத்த ஷாட்டில் அதே விழுதல் மேலேயிருந்து தெரிகிறது. தற்செயலாக விழும் ஆட்டை இரண்டு கோணத்தில் யாரால் பிடிக்க முடியும்? ஆட்டோடு போகவில்லை. தேனீக்கள் கொட்டிச் சாகும் கழுதையின் மேல் தேனைத் தடவியது படக்குழுதான். இறந்துபோன குழந்தை என்று காட்டப்படுகிற குழந்தை தூங்கிக்கொண்டிருந்த குழந்தை.

மோசடி என்று சொல்லி முடித்துவிடலாம், தப்பில்லை. அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு இந்தப் படத்தின் மேல் தீராத கோபம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. உலகம் அவர்களைப் பல காலம் இந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டது. விலங்கைக் கொன்றதை இன்றைக்கு எந்தக் கலையின் பேராலும் நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பாணியைப் படிக்கிறவருக்கு வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அந்தப் புகையை ஏன் வெட்டாமல் விட்டார்? அலட்சியமா, வேண்டுமென்றா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அடுக்களை மேசையில், எடிட்டிங் இயந்திரம் இல்லாமல், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வெட்டிய படம், கண்ணில் படாமல் போயிருக்கலாம். எனக்கு என்னவோ, குரலையும் படத்தையும் சேர்த்துக் கேட்கும்போது வேண்டுமென்றே விட்ட மாதிரிதான் தோன்றுகிறது. மனிதர்கள் செத்துக்கொண்டிருப்பதைச் சொல்லும் குரலில் ஈரமே கிடையாது, சுற்றுலா வழிகாட்டி பேசுவதுபோல ஒப்பிக்கிறது. பின்னால் பிராம்ஸின் நான்காவது சிம்பொனி ஏதோ அரண்மனை விருந்துக்கு வாசிப்பதுபோலப் பொங்குகிறது. பசித்த பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து, பிறர் சொத்தை மதிக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதுகிறார்கள். இவையெல்லாம் பொருந்தவே பொருந்தாது, பொருந்தக் கூடாது என்பதுதான் திட்டம். இப்படி 'ஐயோ பாவம்' என்று ஊர் ஊராகக் காட்டிப் பரிதாபம் திரட்டும் பயணப் படங்கள் அந்தக் காலத்தில் நிறைய. அந்த வகையையே உள்ளிருந்து வெடி வைத்துத் தகர்க்கிற படமாக இதைப் பார்க்கலாம்.

படத்துக்குப் பணம் வந்த கதை இதைவிட நம்ப முடியாதது. ரமோன் அசின் என்கிற, அரசே கூடாது என்னும் அராஜகவாத (அனார்க்கிஸ்ட்) நண்பர், லாட்டரி விழுந்தால் உன் படத்துக்கு நான் பணம் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். விழுந்துவிட்டது, தந்துவிட்டார். 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், பின்னாளில் சர்வாதிகாரியான ஃபிராங்கோவின் தரப்பினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் படத்தை முதலில் தடை செய்தது ஃபிராங்கோ அல்ல, அதற்கு முன்பிருந்த குடியரசு அரசாங்கமே.

வாசகி, திருநெல்வேலி: கனவுக்கு அர்த்தம் சொன்ன ஃப்ராய்டைப் படித்துவிட்டுத்தான் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். புனுவலும் டாலியும் திரைக்கதை எழுதும்போது வைத்துக்கொண்ட ஒரே விதி, விளக்கம் சொல்ல முடிகிற எந்தப் படிமத்தையும் சேர்க்கக் கூடாது என்பதுதான். உள்ளங்கையில் எறும்பு ஊர்வது டாலி கண்ட கனவு, அதற்கு நீங்கள் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டால் அவர்கள் தோற்றுவிடுவார்கள்.

உதவி இயக்குநர், சென்னை: ஹெர்சாக் ஆவணப்படத்தில் வெளிப்படையாகவே புனைகிறார், அவரைக் கொண்டாடுகிறோம். அப்புறம் புனுவலை மட்டும் ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?

ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் சொல்லிவிட்டுச் செய்கிறார், அதாவது செய்துவிட்டுப் பிறகு பேட்டியில் சொல்லிவிடுகிறார். 1999-ல் மினியாபொலிஸில் ஓர் அறிக்கையே வாசித்தார், கணக்குப்பிள்ளையின் உண்மை வேறு, பரவசத்தில் தட்டுப்படும் உண்மை வேறு என்று. குவைத் எண்ணெய்க் கிணறுகள் எரிவதை வைத்து 1992-ல் எடுத்த 'லெசன்ஸ் ஆஃப் டார்க்னஸ்', பிரெஞ்சுத் தத்துவவாதி பாஸ்கல் சொன்னதாக ஒரு மேற்கோளோடு தொடங்கும். அதை எழுதியது ஹெர்சாக். 'லிட்டில் டீட்டர் நீட்ஸ் டு ஃப்ளை' படத்தில், போர்க்கைதியாக இருந்து தப்பிய டீட்டர் தன் வீட்டுக்கதவைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக் காட்டுவார். அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது இயக்குநர். ஆனால் கதவைத் திறக்க முடிவது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது டீட்டருக்கு நிஜமான விஷயம், அவர் வீட்டுச் சுவரிலேயே திறந்த கதவுகளின் படங்கள் மாட்டியிருந்தன. அதனால் அந்தப் பொய் உறுத்துவதில்லை, என்னையாவது உறுத்தவில்லை. அதே ஹெர்சாக் 'பெல்ஸ் ஃப்ரம் தி டீப்' படத்தில் குடிகாரர்களைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து உறைந்த ஏரியில் படுக்கவைத்து, பனிக்கு அடியில் மூழ்கிய நகரத்தைத் தேடும் பக்தர்களாகக் காட்டினாரே, அங்கே எனக்குப் பிரச்சினை உண்டு. ஆடு, கழுதை, குடிகாரர், மூவரையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது என் சந்தேகம். டீட்டர் அந்த நடிப்பில் கூட்டாளி. கூண்டில் ஏற்ற வேண்டும் என்றால் இந்தக் கேள்வியை வைத்து ஏற்றுங்கள், புனைந்தாரா இல்லையா என்பதை வைத்து வேண்டாம்.

வாசகர், யாழ்ப்பாணம்: டாலி இல்லாமல் புனுவல் இல்லை என்று நண்பன் அடம்பிடிக்கிறான்.

டாலியோடு கைகோத்துச் செய்தது ஒரே படம். 'லாஜ் தோர்' தொடங்கும்போதே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதன்பிறகு புனுவல் 1977 வரை படம் எடுத்தார். நண்பனுக்கு டாலியின் மீசை பிடித்திருக்கலாம்.

வேலை தேடும் இளைஞர், திருச்சி: பிரெஞ்சு, ஸ்பானிஷ் எதுவும் தெரியாது. சினிமாக் கல்லூரிக்குப் போகவும் வசதியில்லை. ஓர் இயக்குநரின் பாணியை நானாகவே படிப்பது எப்படி? எதிலிருந்து தொடங்குவது?

மொழி தெரியாதது இங்கே பாதி வரம். சிறிய படங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரெஞ்சு இயக்குநர் கிரிஸ் மார்க்கரின் 'லெட்டர் ஃப்ரம் சைபீரியா', 1957. அதில் யாகுத்ஸ்க் நகரத் தெரு ஒன்று வரும்: ஒரு பஸ், ஒரு கார், சாலை போடும் தொழிலாளிகள், கேமராவைக் கடந்து போகும் ஒருவர். அதே துண்டை மார்க்கர் மூன்று விதமான வர்ணனையோடு திரும்பத் திரும்பக் காட்டுகிறார். ஒன்று சோவியத் புகழ்ச்சி, ஒன்று வசை, ஒன்று நடுநிலை மாதிரியான பேச்சு. ஷாட் ஒன்றுதான், ஊர் மூன்றாகிவிடுகிறது. இந்த ஒரு பகுதிக்கு மட்டும் சப்டைட்டில் அவசியம். இதைப் பார்த்தபிறகு எந்த ஆவணப்படத்தின் குரலையும் பழையபடி கேட்க உங்களால் முடியாது.

அடுத்தது ஜார்ஜ் ஃபிராஞ்சுவின் 'ல சாங் தே பெத்', 1949. பாரிஸ் இறைச்சிக்கூடங்களைப் பற்றிய சுமார் 20 நிமிடப் படம், மனத்திடம் இல்லாதவர்கள் தவிர்த்துவிடலாம். சத்தத்தை மூடிவிட்டு ஆரம்பத்தை மட்டும் பாருங்கள். ஊருக்கு வெளியே ஒரு பொட்டல், பழைய சாமான் விற்கும் இடம், மரத்தில் தொங்கும் விளக்கு, கேட்பாரற்று நிற்கும் துணிக்கடைப் பொம்மை. அப்படியே டாலி ஓவியத்துக்குள் வைக்கலாம். அப்புறம் அதே நிதானத்தோடு கேமரா உள்ளே போகிறது, குதிரை சாய்கிறது, ரத்தத்திலிருந்து ஆவி எழுகிறது. எதற்கும் கேமரா பதறுவதில்லை. அந்தப் படத்தின் வர்ணனையை எழுதியவர் ஜான் பன்லவே, கடல்குதிரையின் பிரசவத்தைப் படமெடுத்த அறிவியல்காரர். சர்ரியலிஸ்டுகள் அவர் படங்களை ரசித்தார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை, ஆண் பிரசவிக்கிறது, அதற்கு மேல் கற்பனை எதற்கு? ஃபிராஞ்சு பத்தாண்டு கழித்து 'ஐஸ் விதவுட் எ ஃபேஸ்' என்கிற திகில் படம் எடுத்தார். அதில் வரும் அறுவைசிகிச்சைக் காட்சியை இறைச்சிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கை.

மூன்றாவது, செக் நாட்டின் யான் ஷ்வாங்மேயர், 'தி ஆசுவரி', 1970, பத்தே நிமிடம். செட்லெட்ஸ் என்னும் ஊரில் பல்லாயிரம் மனிதர்களின் எலும்புகளால் அலங்கரித்த ஒரு தேவாலயம். முதலில் இந்தப் படத்துக்கு அந்த இடத்தின் வழிகாட்டி அம்மா பள்ளிப் பிள்ளைகளிடம் 'தொடாதே, தொட்டால் அபராதம்' என்று அதட்டும் குரலைத்தான் வைத்தார். அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு பிரெஞ்சுக் கவிஞர் ழாக் ப்ரெவேரின் கவிதையை ஜாஸ் பாட்டாக்கிப் போட்டார்கள். இரண்டு வடிவமும் கிடைத்தால் அடுத்தடுத்துப் பாருங்கள். அதட்டல் வடிவம் சிரிக்கவும் வைக்கிறது, வயிற்றையும் பிசைகிறது. பாட்டு வடிவம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பார்க்கும்போது நோட்டில் 'இது எதைக் குறிக்கிறது' என்று ஒரு வரிகூட எழுதாதீர்கள். கேமரா எவ்வளவு உயரத்தில், ஷாட் எத்தனை விநாடி, வெட்டுவதற்கு முன் கடைசியாகத் தெரிந்தது என்ன, குரல் எப்போது நிற்கிறது, இவ்வளவு போதும். ஐந்து நிமிடப் பகுதிக்கு இதைச் செய்தால் கை வலிக்கும். அப்புறம் செல்போனை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ச் சந்தையை அந்த இயக்குநர் எடுத்தால் எப்படி எடுப்பாரோ அப்படி இரண்டு நிமிடம் எடுங்கள். நன்றாக வராது. எங்கே வரவில்லை என்று பார்த்தீர்கள் என்றால் அந்த இடத்தில்தான் அவர் பாணி இருக்கிறது.

வாசகி, பெங்களூரு: உங்கள் பேச்சைக் கேட்டு புனுவலின் 'தி எக்ஸ்டர்மினேட்டிங் ஏஞ்சல்' தேடிப் பிடித்தேன். ஃபைல் பழுது போலிருக்கிறது, விருந்தாளிகள் வீட்டுக்குள் நுழையும் காட்சி இரண்டு முறை வருகிறது. நல்ல காப்பி எங்கே கிடைக்கும்?

உங்கள் ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, புனுவல் வேண்டுமென்றே இரண்டு முறை வைத்த காட்சி அது. 1962-ல் இதே புகாரோடு ஃபிகேரோவாவே புனுவலிடம் ஓடினார், 'பிரிண்டில் தப்பு, ஒரு காட்சி ரெண்டு தடவை வருது' என்று. அத்தனை பெரிய ஒளிப்பதிவாளர், தானே எடுத்த காட்சி! மேற்கொண்டு பாருங்கள், அவர்கள் அந்த வீட்டை விட்டு எப்படிப் போகிறார்கள் என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுதுங்கள்.